வேலூரில் வேலை, ஞாயிறு மட்டும் லீவு: காலையில் போய் இருட்டுவதற்குள் திரும்ப எங்கே போகலாம்?

#1 மாத்தளை மிஸ்

எல்லோருக்கும் வணக்கம். நான் இலங்கையில் மாத்தளையைச் சேர்ந்தவள். வேலூருக்குப் பக்கத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பள்ளியில் வெளிநாட்டிலிருந்து வந்த ஆசிரியர்கள் இன்னும் சிலர் உண்டு. சனிக்கிழமை மதியம் வகுப்பு முடிந்ததும் அவர்கள் காட்பாடி போய் பெங்களூருக்கோ சென்னைக்கோ ரயில் ஏறிவிடுகிறார்கள். ஞாயிறு ராத்திரி வந்து சேர்ந்து, திங்கட்கிழமை முதல் பாடவேளையில் களைத்துப்போய் நிற்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. இந்த ஊரில் சம்பளம் வாங்குகிறேன், இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இதைச் சுற்றி என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

என் நிலைமை இதுதான். வண்டி கிடையாது, பஸ்ஸும் ரயிலும்தான். பல நாள் தனியாகத்தான் போக வேண்டியிருக்கும். மாலை ஏழு மணிக்கு விடுதியில் பிள்ளைகளின் வருகைப் பதிவு எடுக்க நான் இருந்தாக வேண்டும். எங்கள் நாட்டில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை, அதனால் மாதத்தில் ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கும். இங்கே அதுவும் இல்லை.

ஸ்ரீபுரம் பொற்கோவில் போய் வந்தேன். கோட்டையையும் ஒரு சுற்று சுற்றினேன், ஆனால் சரியாகப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. மற்றபடி ஒன்றும் தெரியாது. உள்ளூர்க்காரர்கள் சொல்லுங்கள்.

#2 கோட்டைவெளி

வாங்க டீச்சர். வேலூரைப் பற்றிப் பழைய பேச்சு ஒன்று உண்டு: மரமில்லா மலை, நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோவில். இதைக் கேட்டுவிட்டுத்தான் பாதிப் பேர் இங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று முடிவு கட்டுகிறார்கள். கடைசியாகச் சொன்னது இப்போது பொருந்தாது. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோவில் நெடுங்காலம் பூசையில்லாமல் கிடந்தது உண்மைதான். 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்த பிறகு தினமும் பூசை நடக்கிறது.

வேறெங்கும் போகும் முன் கோட்டைக்கே ஒரு முழு ஞாயிறு கொடுங்கள். சுற்றிவந்தால் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும், பார்த்தால் முடியாது. கல்யாண மண்டபத்தில் குதிரை வீரர் தூண்களை எல்லோரும் படம் எடுப்பார்கள். காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பம் ஒன்று இருக்கிறது, அதைத் தேடிப் பாருங்கள். இடப்பக்கம் கையால் மறைத்தால் ஒரு விலங்கு, வலப்பக்கம் மறைத்தால் இன்னொன்று. உங்கள் பிள்ளைகளை அழைத்து வந்தால் அரைமணி நேரம் அங்கேயே நிற்பார்கள்.

அப்புறம் 1806 ஜூலை 10. விடியும் முன்பே சிப்பாய்கள் எழுந்தார்கள். தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை, நெற்றியில் குறி இடக் கூடாது, தாடி வைக்கக் கூடாது என்று கம்பெனி போட்ட உத்தரவு உடனடிக் காரணம். திப்பு சுல்தானின் பிள்ளைகள் அப்போது கோட்டைக்குள்தான் காவலில் இருந்தார்கள். மைசூர்க் கொடி ஏறியது. சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி ஆற்காட்டில் இருந்த குதிரைப்படை கில்லெஸ்பி தலைமையில் சில மணி நேரத்தில் வந்து அடக்கிவிட்டது. நூற்றுக்கணக்கில் சிப்பாய்கள் செத்தார்கள். 1857 மீரத் சிப்பாய் எழுச்சிக்கு 51 ஆண்டு முன்னால் நடந்தது இது. இருநூறாம் ஆண்டில், 2006இல், அஞ்சல் தலை வெளியிட்டார்கள். அந்த மதிலோரம் நின்று இதை நினைத்துப் பார்த்தால் கோட்டை வேறு மாதிரித் தெரியும்.

நீங்கள் மாத்தளை என்பதால் ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். கலகத்துக்குப் பிறகு திப்புவின் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். பத்து ஆண்டு கழித்து, 1816இல், அதே கோட்டைக்கு இன்னொரு கைதி வந்தார். உங்கள் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். 1832இல் இறக்கும் வரை இங்கேதான் இருந்தார். அவருடைய, அவர் குடும்பத்தாருடைய கல்லறைகள் பாலாற்றங்கரையில் இருக்கின்றன. முத்து மண்டபம் என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள் கொண்டுபோய் விடுவார்கள், புதிய பஸ் நிலையத்திலிருந்து தூரமில்லை. 1990இல் அரசு மண்டபம் கட்டியது. காலை கோட்டை, மாலை முத்து மண்டபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

#3 இருசக்கரம்

ஒரே நாளில் நிறையப் பார்க்கலாமே! காலை ஐந்து மணிக்கு வண்டி எடுத்தால் ஏலகிரி, புங்கனூர் ஏரியில் படகு, கீழே இறங்கி ஜலகாம்பாறை அருவி, வரும் வழியில் ஆம்பூர் பிரியாணி, கடைசியில் பொற்கோவில் விளக்கு வெளிச்சத்தில். நாங்கள் நண்பர்கள் இப்படித்தான் போவோம். வாடகைக்கு கார் பேசினால் உங்களுக்கும் முடியும்.

#4 காட்பாடி ஜங்ஷன்

தம்பி, நீங்கள் சொல்வது வாலிபப் பசங்களுக்குச் சரி. ஏழு மணிக்கு விடுதியில் நிற்க வேண்டிய டீச்சருக்கு இது சரிவராது. ஐந்து இடம் போனால் ஐந்து வாகன நிறுத்தத்தைத்தான் பார்த்துவிட்டு வருவோம்.

டீச்சர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பக்கத்தை ஒரு நாளைக்கு ஒரு திசை என்று பிரித்துக்கொள்ளுங்கள். மேற்கே விரிஞ்சிபுரம், ஆம்பூர், வாணியம்பாடி, ஏலகிரி. கிழக்கே ஆற்காடு, வாலாஜா, சோளிங்கர். தெற்கே படவேடு, ஆரணி, போளூர், திருவண்ணாமலை. வடக்கே வள்ளிமலை, மேல்பாடி. ஒரு திசையில் ஒரே இடம். அது சீக்கிரம் முடிந்தால் அடுத்ததைப் பார்க்கலாம், முடியாவிட்டால் அடுத்த வாரம்.

இன்னொன்று. பெரும்பாலான கோவில்களில் பகல் பன்னிரண்டு வாக்கில் நடை சாத்தி, நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். பத்து மணிக்குக் கிளம்பினால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள். ஆறரைக்குப் பஸ் ஏறுங்கள், பதினொன்றரைக்குள் கோவிலை முடியுங்கள், அப்புறம் சாப்பாடு, மூன்று மணிக்குத் திரும்பும் பஸ். வேலூர் வெயிலுக்கும் இதுதான் ஒத்துவரும்.

அறிவியல் டீச்சர் என்பதால் முதல் ஞாயிறு விரிஞ்சிபுரம் போங்கள். சுமார் 15 கிலோமீட்டர்தான். மார்க்கபந்தீஸ்வரர் கோவில். 'திருவாரூர்த் தேரழகு, திருவிரிஞ்சை மதிலழகு' என்று சொல்வார்கள், அந்த மதிலை வெளியே நின்று முதலில் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். சிங்கத்தின் வாய் வழியாக இறங்கும் சிம்ம தீர்த்தம் இருக்கிறது. கார்த்திகைக் கடைசி ஞாயிறு அங்கே பெரும் கூட்டம், பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் நீராட வருவார்கள். அந்த ஒரு வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். உங்களுக்கான விஷயம் உள்ளே இருக்கும் நேரம் காட்டும் கல். அரைவட்டமாக எண்கள் வெட்டிய கல். மேலே பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால், நிழல் எந்த எண்ணில் விழுகிறதோ அதுதான் மணி.

#5 மாலே வாத்தியார்

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் குடியாத்தத்துக்காரன், மாலத்தீவில் கணக்கு வாத்தியார், லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். மாத்தளை மிஸ் இங்கே என்ன நினைக்கிறாரோ அதையே நான் அங்கே போன புதிதில் நினைத்தேன்.

அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். நான் வேலை பார்த்த தீவில் வெள்ளிக்கிழமை அரசுப் படகு ஓடாது, தொழுகை நாள். ஆக சனிக்கிழமை ஒன்றுதான் மிச்சம். தீவைக் குறுக்கே நடந்தால் கால்மணி நேரத்தில் மறுபக்கம் கடல் வந்துவிடும். இந்தியாவிலிருந்து வந்த ஆசிரியர்கள் பலர் அந்த இரண்டு நாளும் அறைக்குள் போனில் ஊர்ச் செய்தி பார்த்தே கழிப்பார்கள். நான் என்ன செய்தேன் என்றால், என் வகுப்புப் பிள்ளைகளிடம் அவர்களுடைய பாட்டி ஊர் எது என்று கேட்டேன். ஒவ்வொருவரும் ஒரு பக்கத்துத் தீவின் பெயரைச் சொன்னார்கள். சனிக்கிழமை படகேறி அங்கே போனால் யாராவது ஒருவர் வீட்டில் சூரை மீனும் தேங்காயும் சேர்த்துப் பிசைந்த மஸ் ஹுனியும் ரொட்டியும் கிடைக்கும். அந்தப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை என் வகுப்பில் முன்வரிசையில் வந்து உட்காரும்.

மிஸ், உங்கள் பிள்ளைகளிடமும் கேளுங்கள். விடுதிப் பிள்ளைகளில் குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆலங்காயம் பக்கத்துப் பிள்ளைகள் இருப்பார்கள். எந்த ஊரில் எந்த நாள் சந்தை, எந்த ஏரியில் இப்போது தண்ணீர், எந்தத் திருவிழா வருகிறது, எல்லாம் அவர்களுக்குத் தெரியும். எங்கள் குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அம்மன் தலை ஊர்வலமாக வந்து உடலோடு பொருந்தும். கூட்டம் தாங்காது, ஆனாலும் ஒரு முறை பார்க்க வேண்டியது.

#6 மாத்தளை மிஸ்

கோட்டைவெளி ஐயா, கண்டி ராஜா இங்கே இருந்தது புத்தகத்தில் படித்ததுதான். கல்லறை இருக்கிறது என்று தெரியாது. உடன் பணிபுரியும் இன்னொரு ஆசிரியையுடன் போய் வந்தேன். நான் பள்ளியில் படித்த பாடம், கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போன 1815 ஒப்பந்தத்தோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் அந்த மனிதர் இன்னும் பதினேழு ஆண்டு உயிரோடு இருந்தார், நான் காய்கறி வாங்கும் இந்த ஊரில் இருந்தார் என்பது மனதை என்னவோ செய்தது. அம்மாவுக்குப் படம் அனுப்பினேன், அம்மா அக்கம்பக்கம் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார்.

நேற்று விரிஞ்சிபுரம். காட்பாடி ஐயா சொன்ன கல்லை ஒரு பெரியவர் காட்டினார். வாசலில் கிடந்த ஈர்க்குச்சி ஒன்றை எடுத்துப் பள்ளத்தில் வைத்தார். மெல்லிய நிழல் ஒன்பதைத் தாண்டி விழுந்தது. என் கைக்கடிகாரம் ஒன்பதரைக்கு மேல் காட்டியது. கூட வந்த ஆசிரியை "கல் தப்பு" என்றார். கல் தப்பில்லை. நம்முடைய கடிகாரம் 82.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டை வைத்து ஓடுகிறது, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அதுவேதான். வேலூர் இருப்பது 79 பாகைக்குச் சற்றுக் கிழக்கே. ஒரு பாகைக்கு நாலு நிமிடம். அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தை விடச் சுமார் 13, 14 நிமிடம் தாமதம். இதற்கு மேல் பூமி சூரியனைச் சுற்றும் வேகம் ஆண்டு முழுக்க ஒரே மாதிரி இல்லாததாலும், அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் ஒரு வித்தியாசம் வரும். பிப்ரவரியில் நிழல் கடிகாரம் கிட்டத்தட்ட அரைமணி நேரம் பின்தங்கும், நவம்பர் தொடக்கத்தில் கைக்கடிகாரத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். பெரியவரிடம் இதைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்போ நவம்பர்ல வந்து பாரும்மா" என்றார்.

ஒன்பதாம் வகுப்புக்கு இதைச் செயல்திட்டமாகக் கொடுக்கப் போகிறேன். பள்ளி மைதானத்தில் ஒரு கம்பு நட்டு மாதாமாதம் நிழலைக் குறிக்கச் சொல்லப் போகிறேன். மாலே ஐயா, பிள்ளைகளிடமும் கேட்டேன். ஒருத்தி இலவம்பாடியாம், அவள் தாத்தா முள்ளுக் கத்தரிக்காய் போடுகிறார், கட்டாயம் வர வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

#7 கோட்டைவெளி

டீச்சர், இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. காம்பிலும் மேல் தொப்பியிலும் முள் குத்தும், பறிக்கும்போது பார்த்துப் பறியுங்கள். எண்ணெய்க் கத்தரிக்காய் வைத்தால் கரையாமல் நிற்கும். ஆம்பூர் பிரியாணிக்குப் பக்கத்தில் வைக்கும் கத்தரிக்காய்த் தொக்கும் இந்தப் பக்கத்துப் பழக்கம்தான்.

#8 ஆற்காட்டுக்காரன்

கிழக்குப் பக்கத்தை யாரும் விரிவாகச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். ஆற்காடு நவாபின் தலைநகரம். ஆனால் கோட்டையைத் தேடி வராதீர்கள், மிஞ்சியது பாலாற்றங்கரையில் இருக்கும் டெல்லி கேட் ஒன்றுதான். 1751இல் கிளைவ் ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கி நின்றது இந்தக் கோட்டையில்தான். தென்னிந்தியாவில் ஆங்கிலேயர் காலூன்றியதே இந்தக் கரையில் என்று எங்கள் வரலாற்று வாத்தியார் சொல்வார், அதை நான் இன்றும் ஒப்புக்கொள்கிறேன். இங்கே டிப்பு அவுலியா தர்கா இருக்கிறது. ஹைதர் அலி தன் மகன் திப்பு சுல்தானுக்கு அந்தப் பெயர் வைத்தது இந்த மகானை நினைத்துத்தான். வெளியே வந்து மக்கன் பேடா சாப்பிடுங்கள், உள்ளே முந்திரியும் உலர்பழமும் வைத்தது. பெட்டியில் வாங்கிப் போவதை விட அங்கேயே நின்று சாப்பிடுவதுதான் ருசி.

ரயிலில் போனால் வாலாஜா ரோட்டில் இறங்கலாம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்தது இங்கேதான்.

சோளிங்கர் தனி நாள். பெரிய மலையில் யோக நரசிம்மர், 1305 படி. 2024இலிருந்து ரோப் கார் ஓடுகிறது, வயதானவர்களுக்குப் பெரிய உதவி. முடிந்தவர்கள் படியில் ஏறி ரோப் காரில் இறங்குங்கள். ஞாயிறு வரிசை நீளம், காலையிலேயே போய்விடுவது நல்லது. குரங்குகள் பையைப் பிடுங்கும், பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏறாதீர்கள். பல்லவர் கலையில் ஆர்வமிருந்தால் அந்தப் பக்கமே மகேந்திரவாடி. ஒரே ஒரு பாறையைக் குடைந்து முதலாம் மகேந்திரவர்மன் திருமாலுக்குச் செய்த கோவில், ஏழாம் நூற்றாண்டு. மாமல்லபுரம் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அங்கே கிடைக்கும் அமைதி பெரிய விஷயம்.

#9 ஜவ்வாதுக்காரன்

எல்லோரும் மலை என்றால் ஏலகிரி என்கிறீர்கள். நான் ஜமுனாமரத்தூரில் தொடக்கப்பள்ளி ஆசிரியர். ஏலகிரியில் ஞாயிறு மதியம் போய் நின்று பாருங்கள், கீழே விட்டுவந்த ஊரே மேலே ஏறி நிற்கும். ஜவ்வாது அப்படி இல்லை. சாமை விளைகிற மலை இது, தேனும் புளியும் பலாவும் கிடைக்கிற மலை. மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள், கேரளத்தவர் இல்லை. பெருங்கற்காலக் கல்திட்டைகள் இருக்கின்றன. மழை முடிந்த மாதங்களில் பீமன் அருவி நன்றாக விழும், கோடையில் தண்ணீர் இருக்காது.

போளூர் வழியாகவும் வரலாம், ஆலங்காயம், காவலூர் வழியாகவும் வரலாம். பஸ் குறைவு என்பதை மறைக்க மாட்டேன். இறங்கியதும் திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொண்டால் தவிப்பில்லை. தயவு செய்து பிளாஸ்டிக் பையும் பாட்டிலும் மேலே விட்டுப் போகாதீர்கள். அருவிக்குப் போகிற வழியில் எங்கள் பள்ளிப் பிள்ளைகள்தான் அதைப் பொறுக்குகிறார்கள்.

#10 இருசக்கரம்

சார், ஏலகிரியை இப்படி ஒதுக்க வேண்டாம். சுமார் 1,100 மீட்டர் உயரத்தில், ரயில் நிலையத்துக்கு இவ்வளவு பக்கத்தில், பஸ் வசதியோடு வேறு மலை நமக்கு எங்கே இருக்கிறது? டீச்சருக்கு வண்டி இல்லை, ஜோலார்பேட்டையில் இறங்கினால் போதும். பதினாலு கொண்டை ஊசி வளைவுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பாரி, காரி, ஓரி, பேகன் என்று ஒவ்வொரு பலகையாகப் படித்துக்கொண்டே ஏறலாம், தமிழ் வாத்தியாரைக் கூட்டிப்போனால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு கதை கிடைக்கும். படகுத்துறைப் பக்கம் கூட்டம், ஒப்புக்கொள்கிறேன். சுவாமி மலை உச்சிக்கு நடக்கிற பாதையில் அந்தக் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கூட வராது. ஒரே நாளில் ஐந்து இடம் என்று நான் சொன்னதைக் காட்பாடி ஐயா மறுத்தது சரிதான், ஏலகிரிக்கு மட்டும் ஒரு நாள் கொடுங்கள்.

#11 ஜவ்வாதுக்காரன்

சுவாமி மலைப் பாதை நல்ல பாதை, அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன் தம்பி. சனி ஞாயிறு தவிர வேறு நாளில் லீவு கிடைத்தால் ஏலகிரி, ஞாயிறு என்றால் ஜவ்வாது. என் கணக்கு அவ்வளவுதான்.

#12 ஆரணி அக்கா

தனியாகப் போகிற பெண்ணுக்கு இங்கே யாரும் ஒரு விஷயம் சொல்லவில்லை, நான் சொல்கிறேன் மிஸ். கழிவறை. சின்ன ஊர்க் கோவில்களில் பல இடத்தில் கிடையாது, இருந்தாலும் பூட்டியிருக்கும். பெரிய பஸ் நிலையத்திலோ நல்ல ஓட்டலிலோ முடித்துக்கொண்டு கிளம்புங்கள். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள், இந்த வெயிலுக்கு மயக்கம் வந்துவிடும். வயலுக்கு நடுவே ஆள் இல்லாத குகைக்கோவிலுக்கு ஒருவராகப் போக வேண்டாம், மகேந்திரவாடிக்குத் துணையோடு போங்கள். பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் இருக்கைதான் நல்லது. கண்டக்டரிடம் இறங்கும் ஊரைச் சொல்லிவைத்தால் அவரே எழுப்பிவிடுவார்.

நான் சொல்லும் இடம் திருமலை. திருப்பதித் திருமலை இல்லை, எங்கள் ஆரணிக்கும் போளூருக்கும் நடுவில் இருக்கும் சமணத் திருமலை. பாறையிலேயே செதுக்கிய நேமிநாதர், சுமார் 16 மீட்டர் உயரம், தமிழ்நாட்டிலேயே உயரமான சமணச் சிலை. ராஜராஜனின் அக்கா குந்தவை பெயரில் அங்கே ஜினாலயம், அதாவது சமணக் கோவில், இருக்கிறது. கீழே குகை அறைகளில் பழைய ஓவியங்கள், பல இடங்களில் சுண்ணாம்பு உதிர்ந்துவிட்டது. அவசரப்படாமல் கண் இருட்டுக்குப் பழகும் வரை நில்லுங்கள், ஒவ்வொன்றாக நிறம் தெரிய வரும். எங்கள் வட ஆற்காட்டில் சமணக் குடும்பங்கள் இன்றைக்கும் இருக்கின்றன, தமிழ்தான் பேசுகிறார்கள், விளக்கு வைத்தால் சாப்பிட மாட்டார்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு. நிறையப் பேருக்கு இது தெரியவே தெரியாது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

இன்னொரு நாள் படவேடு. வேலூரிலிருந்து போளூர் பஸ் ஏறி சந்தவாசலில் இறங்கி உள்ளே போக வேண்டும். சம்புவராயர் தலைநகரமாக இருந்த ஊர், இப்போது சுற்றிலும் வாழைத்தோட்டம். ரேணுகாம்பாள் கோவிலுக்கு ஆடி வெள்ளியில் நுழையவே முடியாது, மற்ற மாதங்களில் நிம்மதியாகக் கும்பிடலாம். ராமர் கோவிலையும் விடாதீர்கள். வில் இல்லாமல் யோகத்தில் உட்கார்ந்திருக்கும் ராமர், எதிரே அனுமன் சுவடி படிக்கிறார்.

#13 காட்பாடி ஜங்ஷன்

ஆரணி அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. திருவண்ணாமலைக்கு வேலூர் கன்டோன்மென்ட்டிலிருந்து ரயிலிலும் போகலாம், ஆனால் பௌர்ணமி அன்று வேண்டாம். உங்கள் ஊரில் போயா நாள் அமைதியாக இருக்கும். இங்கே அன்றைக்கு 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் ஜனங்களால் நிறைந்திருக்கும், திரும்பும் ரயிலில் கால் வைக்க இடம் இருக்காது. சாதாரண ஞாயிறு போனால் கோவிலை நிதானமாகப் பார்க்கலாம்.

வடக்கே வள்ளிமலையும் மேல்பாடியும் ஒரே நாளில் முடியும், பக்கம் பக்கம். வள்ளிமலையில் முருகன் கோவிலுக்கு எல்லோரும் ஏறுவார்கள், அதே மலையில் கங்க மன்னன் காலத்துச் சமணச் சிற்பங்கள் இருப்பதை ஒரு சிலர்தான் பார்ப்பார்கள். மேல்பாடியில் ராஜராஜ சோழன் தன் பாட்டனார் அரிஞ்சயனுக்குக் கட்டிய பள்ளிப்படை. இறந்த பாட்டனுக்காகப் பேரன் எழுப்பிய கோவில் பொன்னையாற்றங்கரையில் நிற்கிறது.

#14 மாலே வாத்தியார்

மிஸ், பாஸ்போர்ட்டும் பதிவுச் சான்றும் படியெடுத்துப் பையில் வைத்திருங்கள், அசலைப் பூட்டி வையுங்கள். இன்னொரு நல்ல செய்தி. தொல்லியல் துறை கட்டணம் வாங்கும் இடங்களில் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம், பல மடங்கு அதிகம். ஆனால் இலங்கை உட்பட சார்க் அமைப்பில் உள்ள தெற்காசிய நாட்டவருக்கு இந்தியர் கட்டணம்தான். செஞ்சிக்கோ மாமல்லபுரத்துக்கோ போனால் கவுண்டரில் இலங்கை பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள். வேலூர்க் கோட்டைக்குக் கட்டணமே இல்லை.

#15 மாத்தளை மிஸ்

எல்லோருக்கும் நன்றி. ஆரணி அக்கா, கழிவறை விஷயம் இதுவரை யாரும் சொல்லாதது, கட்டாயம் நினைவில் வைத்துக்கொள்கிறேன். திருமலைக்கு நீங்களும் வர முடியுமா?

இன்னொரு கேள்வி. காவலூர் வானாய்வகம் பற்றிக் கேள்விப்பட்டேன். பிள்ளைகளை அழைத்துப் போகும் முன் நான் ஒருமுறை பார்க்க வேண்டும். பொதுமக்களை உள்ளே விடுவார்களா?

#16 ஆரணி அக்கா

வருகிறேன் மிஸ். ஆரணி பஸ் நிலையத்தில் காத்திருக்கிறேன், எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள். மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு.

#17 ஜவ்வாதுக்காரன்

காவலூர் எங்கள் மலை, நான் சொல்கிறேன். வைணு பாப்பு வானாய்வகம், கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேல். 2.34 மீட்டர் குறுக்களவுள்ள தொலைநோக்கி 1986இலிருந்து வேலை செய்கிறது, இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்தது. 1977இல் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்ததே, அந்த அவதானிப்பில் காவலூருக்கும் பங்கு உண்டு. 1988இல் இங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். இவ்வளவும் நடந்தது சாமையும் சந்தனமும் விளையும் ஒரு மலையில் என்று என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் சொல்கிறேன்.

பொதுமக்களுக்குச் சனிக்கிழமைதான். போகும் முன் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள், வானம் மூடியிருந்தால் இரவில் பார்க்க முடியாது. ஜூன் முதல் நவம்பர் வரை மேகம் அதிகம், தை, மாசி, பங்குனிதான் நல்ல காலம். அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமையாகப் பார்த்து வையுங்கள், நிலா இருந்தால் மங்கலான விண்மீன்கள் தெரியாது.

சிக்கல் ஒன்றுதான். இரவில் பார்த்துவிட்டு இறங்கப் பஸ் இல்லை, உங்கள் ஏழு மணி வருகைப் பதிவுக்கும் ஒத்துவராது. அன்றைக்கு மட்டும் வேறு ஆசிரியரிடம் பொறுப்பை மாற்றிக்கொள்ள முடிந்தால் சொல்லுங்கள். தை அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை வாணியம்பாடியிலிருந்து ஒரு வேன் பேசலாம் என்று நினைக்கிறேன், ஆலங்காயம் வழியாக மேலே வரும். பன்னிரண்டு பேர் சேர்ந்தால் செலவு கட்டுப்படியாகும். என் மனைவியும் வருகிறாள், பெண்கள் தயங்க வேண்டாம். இரவில் குளிரும், சால்வையோ ஸ்வெட்டரோ எடுத்து வாருங்கள். வருகிறவர்கள் இந்த இழையிலேயே பெயரைப் போட்டுவிடுங்கள்.

#18 இருசக்கரம்

நான் வருகிறேன் சார். அம்மாவையும் அழைத்து வருகிறேன், இரண்டு இடம் வையுங்கள்.

#19 மாத்தளை மிஸ்

பொறுப்பை மாற்றித் தர எங்கள் கணக்கு சார் ஒப்புக்கொண்டார். என்னோடு இரண்டு ஆசிரியைகள், ஆக மொத்தம் மூன்று இடம்.